பழைய ஆட்கள் கண்ட இரா வெளிச்சங்கள்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

உன்னிச்சைப் பேரன்:

எங்கள் அப்பப்பாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. இளந்தாரி வயதிலிருந்து உன்னிச்சைப் பக்கத்து வட்டையில், அதாவது வயல்வெளியில், வேளாண்மை செய்தவர். இரவுக் காவலுக்குப் பரணில் இருக்கும்போது, மேற்கே காட்டுக்கு மேலே ஒரு வெளிச்சம் எழும்பி, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு வடக்குப் பக்கமாக நகர்ந்து அணைந்துபோகும் என்று சொல்வார். ஒரு தடவை மட்டும் அல்ல, வேறு வேறு வருடங்களில் கண்டிருக்கிறாராம். கூடக் காவலுக்கு இருந்தவர்களும் கண்டார்களாம். 78 புயலுக்கு முந்திய காலம், அவர் கலியாணம் முடிக்கவும் முன்னர்.

வீட்டில் இதை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. பெரியவர்கள் கொள்ளிவாய்ப் பேய் என்பார்கள், எங்கள் வயதுப் பொடியன்கள் பறக்கும் தட்டு என்பார்கள், அதோடு கதை நின்றுவிடும். எனக்கு இரண்டிலும் திருப்தி இல்லை. அவர் பொய் சொல்லும் மனிதர் இல்லை, மழை வரும் நேரத்தைக் காற்றை வைத்தே சொல்லக்கூடியவர். அவர் எதையோ கண்டிருக்கிறார், அது எனக்கு நிச்சயம்.

இந்த மாதிரி வெளிச்சங்களைப் பற்றி நம் நாட்டிலோ வெளியிலோ பழைய பதிவுகள் இருக்கின்றனவா? அவற்றில் எவற்றுக்கு விளக்கம் கிடைத்தது, எது இன்னும் கிடைக்காமல் இருக்கிறது? அவரிடம் நான் எப்படிக் கேட்டு எழுதி வைக்க வேண்டும்? அவர் இருக்கும்போதே செய்ய வேண்டும் என்று மனது அடித்துக்கொள்கிறது.


நிந்தவூரான்:

தம்பி, நல்ல கேள்வி. வானத்தைப் பார்ப்பதில் எனக்குப் பல வருடப் பைத்தியம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தமிழில் இதற்கு இருக்கும் பழைய பதிவே ஆச்சரியமானது. புறநானூற்றில் 229ஆவது பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. பங்குனி மாதத்து நள்ளிரவில் வானத்திலிருந்து ஒரு மீன் எரிந்துகொண்டு விழுந்ததைக் கண்டு, அரசனுக்கு என்ன ஆகுமோ என்று பயந்திருக்கிறார்கள், ஏழாம் நாள் சேரமன்னன் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்துபோனான். அந்தப் பயத்தை விடுங்கள். அந்த நேரத்தில் எந்த நட்சத்திரம் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எழுந்தது, எது மறைந்தது என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவதைப் பாருங்கள். இரண்டாயிரம் வருடம் அளவு பழைய பாட்டு, இன்றைக்கும் நாம் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய எரிகல் என்று ஊகிக்க முடிகிறது என்றால், அவர் மாதத்தையும் நேரத்தையும் வானத்தின் நிலையையும் விடாமல் சொன்னதால்தான். "ஒரு வெளிச்சம் கண்டோம், பயந்தோம்" என்று மட்டும் பாடியிருந்தால் நம் கையில் ஒன்றும் இருந்திருக்காது.

நம் கரைக்குக் கிட்ட என்றால் றொபேட் நொக்ஸ். 1660இல் கொட்டியாரத்தில், இப்போதைய மூதூர்ப் பக்கம், கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு 19 வருடத்துக்கு மேல் உள்நாட்டில் இருந்த ஆங்கிலேயர். 1664 டிசம்பரில் இரண்டாம் இராஜசிங்கனுக்கு எதிராகக் கலகம் எழுந்த நாட்களில் தலைக்கு மேலே பயங்கரமான ஒரு வால்வெள்ளி தெரிந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். அதே வால்வெள்ளியைத்தான் அந்த மாதம் இங்கிலாந்தில் மாணவனாக இருந்த நியூட்டனும் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டி மலையில் நின்றவருக்கு அது அரசனுக்கு வந்த கேடு. கேம்பிரிட்ஜில் நின்றவருக்கு அது கணக்குப் போட வேண்டிய பொருள். இருவர் கண்டதும் ஒன்றே.

வெளிநாட்டில் எல்லாரும் காட்டுவது 1561 ஏப்ரல் 14, ஜேர்மனியின் நியூரம்பேர்க் நகரம். விடியும் நேரத்தில் சூரியனுக்குப் பக்கத்தில் உருண்டைகள், சிலுவைகள், குழாய் வடிவங்கள் எல்லாம் சண்டை பிடித்தது போல இருந்ததாம். ஹான்ஸ் கிளேசர் என்பவர் அதைப் படமாக அச்சிட்டு விற்றார். சூரியனைச் சுற்றிப் பனித்துகள்களால் வரும் ஒளிவட்டங்களையும் போலிச் சூரியன்களையும் பயத்தோடு பார்த்தால் அப்படித் தெரியும் என்பது பலருடைய விளக்கம். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஆனால் அந்தத் தாள் சாமியின் எச்சரிக்கை என்று பயமுறுத்த அச்சிட்டது, அதனால் எவ்வளவு கண்டது, எவ்வளவு சேர்த்தது என்று பிரிப்பது கஷ்டம்.

இன்னுமொன்று, இது நம் அம்பாறைக் கரையோடு தொட்டது. 1883 ஆகஸ்ட் இறுதியில் இந்தோனேசியாவில் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது எழுந்த கடல் அலை அறுகம்பை, பாணமைப் பக்கம் வந்து ஒரு பெண் இறந்ததாகப் பதிவு இருக்கிறது. அடுத்த மாதம் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தெரிந்தது. நவம்பரில் பொழுதுபட்ட பிறகும் வானம் செக்கச்செவேல் என்று எரிவதைக் கண்டு அமெரிக்காவில் சில ஊர்களில் தீ பிடித்துவிட்டது என்று தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டார்கள். நம் ஊர்களில் "வானம் எரிஞ்ச வருஷம்" என்று யாராவது கதை சொன்னால் சிரிக்காதீர்கள்.


வாழைச்சேனைக் கடலோடி:

கடலில் தொழில் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். இரவுக் கடலில் நாங்கள் காணும் வெளிச்சம் எல்லாவற்றுக்கும் எங்களுக்கு விளக்கம் தெரியாது, ஆனால் பாதிக்கு மேல் மற்றப் படகுகளின் வெளிச்சம்தான். அமைதியான கடலில், காற்று விழுந்த இரவில், அடிவானத்துக்கு அப்பால் இருக்கும் படகின் விளக்கு தண்ணீரை விட்டு மேலே தூக்கி வைத்தது போல நிற்கும். ஒன்று இரண்டாகப் பிரியும், திரும்ப ஒன்றாகும். புதிதாக வரும் பொடியன்கள் பயப்படுவார்கள்.

இதே விஷயம் ஜப்பானில் கியூஷூ தீவுப் பக்கம் மிகப் பழைய காலத்திலிருந்து சொல்லப்படுகிறது, சிரனுயி என்று பெயர். கடலுக்கு மேலே வரிசையாக நெருப்பு தெரியும். இராத் தொழிலுக்குப் போன தோணிகளின் விளக்குகளைத்தான் குளிர்ந்த காற்றும் சூடான காற்றும் அடுக்கடுக்காக நின்று வளைத்துக் காட்டுகிறது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். ஓஸ்திரேலியாவில் வெறும் தரையில் மின்மின் என்று ஒரு வெளிச்சம் ஆட்களைத் துரத்துவதாகப் பேர்போனது, அதையும் 2003இல் பெட்டிகிரூ என்ற விஞ்ஞானி வாகன வெளிச்சத்தை வைத்துச் செய்து காட்டினார். தரையோடு ஒட்டிய குளிர்காற்றுக்குள் வெளிச்சம் அகப்பட்டுக்கொண்டால் மிகத் தூரத்து வாகனம்கூடப் பக்கத்தில் வந்து நிற்பதுபோலத் தெரியுமாம்.

அப்புறம் வடக்கு வானம். இந்தியா ரொக்கட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா எங்களிடமிருந்து கிட்டத்தட்ட 700 கிலோமீற்றர்தான். ரொக்கட் சில நூறு கிலோமீற்றர் உயரத்துக்குப் போய்விட்டால் இங்கே கடலில் நிற்பவனுக்கு வடக்கே தெரியும். தெற்கே துருவப் பாதைக்குப் போகிற ரொக்கட்டுகள் இலங்கைக்கு மேலே பறக்காமல் கடல் பக்கமாக வளைந்து போகும், அந்த வளைவு எங்கள் பக்கம்தான். 2024 டிசம்பர் 30 இரவு 10 மணிக்கும் அங்கிருந்து ஒரு ரொக்கட் ஏவினார்கள். இப்படி ஒன்றைக் கண்டால் முதலில் ஏவிய நேரத்தைப் பாருங்கள், பிறகு மற்றதைக் கதைப்போம்.


உன்னிச்சைப் பேரன்:

அண்ணன், நன்றி. ஆனால் அப்பப்பா கண்டது காட்டுப் பக்கம், கடல் பக்கம் இல்லை. அந்தக் காலத்தில் அந்தத் திசையில் வாகனம் ஓடும் பாதையும் இருந்திருக்காது. ரொக்கட்டும் அப்போது ஏது?


ஆரையம்பதி டீச்சர்:

தம்பி, ரொக்கட் ஏது என்று அவ்வளவு விரைவாகத் தள்ளிவிட வேண்டாம். ஸ்ரீஹரிகோட்டா பிந்தியதுதான், ஆனால் கேரளத்தில் தும்பா என்ற கடற்கரையிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று பொழுதுபடும் நேரத்தில் இந்தியாவிலிருந்து ஏவிய முதல் ஆய்வு ரொக்கட் போனது. அதில் இருந்தது சோடியம் ஆவி. மேலே போய் அதை வெளியே விட்டதும், கீழே இருட்டிய பிறகும் மேலே வெயில் பட்டுச் செம்மஞ்சளாக ஒரு மேகம் ஒளிர்ந்தது, கேரளத்தில் சனம் வெளியே வந்து நின்று பார்த்தது. தும்பா நமக்கு நேர் மேற்கே, சுமார் 500 கிலோமீற்றர். மேகம் இருந்த உயரத்துக்கு, வானம் துப்பரவாக இருந்தால் வாவிக்கு மேற்கே இருக்கும் நம் படுவான்கரையிலிருந்து மேற்கே பார்க்கிறவருக்குத் தெரியக்கூடியது. அந்த மாதிரி ஆய்வுகள் அங்கே பிறகும் நடந்தன. அதனால் "அறுபதுகளில், மேற்கே, பொழுதுபட்ட கையோடு, செம்மஞ்சள் நிறத்தில்" என்று யாராவது சொன்னால் நான் முதலில் தும்பாவைத்தான் நினைப்பேன். உங்கள் அப்பப்பா கண்டது எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். நடுச்சாமம் என்றால் இது பொருந்தாது.

கொள்ளிவாய்ப் பேய் என்று சொல்வதையும் ஏளனமாகத் தள்ளிவிடக் கூடாது. சேற்று நிலத்தில், வாவி ஓரத்தில், குளத்து ஓரத்தில் தழை குழை அழுகி மீதேன் வாயு வரும். வொல்ட்டா என்ற இத்தாலிய விஞ்ஞானி 1776இல் ஏரிச் சேற்றைக் கிளறிவிட்டுத்தான் அந்த வாயுவையே பிடித்தார். வங்காளத்துச் சதுப்பில் ஆலேயா என்றும், குஜராத்தில் கட்ச் புல்வெளியில் சீர் பத்தி என்றும் இதே கதை இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் மீதேன் தானாகப் பற்றாது, ஏதோ ஒன்று தீ வைக்க வேண்டும். அழுகும்போது சேர்ந்து வரும் பொஸ்பீன் வகை வாயுக்கள் காற்றுப் பட்டதும் பற்றும் என்பது பழைய விளக்கம். 2025இல் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் தண்ணீருக்குள் எழும் மீதேன் குமிழிகளுக்கு இடையே நுண்ணிய மின்பொறி பாய்வதைக் காட்டினார்கள், அது போதும் என்கிறார்கள். பாருங்கள், நம் சனம் தலைமுறை தலைமுறையாகக் கண்டு பேர் வைத்த ஒன்றுக்கு விஞ்ஞானம் இப்போதுதான் தீக்குச்சியைத் தேடிப் பிடிக்கிறது. ஆனாலும் சதுப்பு வெளிச்சம் முழங்கால் உயரத்தில், மங்கலாக, நீலமாக நிற்பது. காட்டுக்கு மேலே எழும்புவது அதன் குணம் இல்லை.

பந்து மின்னலும் ஒன்று இருக்கிறது. சீனாவில் 2012இல் மின்னலைப் படம் பிடிக்க வைத்திருந்த கருவியில் தற்செயலாக ஒன்று அகப்பட்டது, அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்ததில் சிலிக்கன், இரும்பு, கல்சியம் என்று நிலத்து மண்ணின் மூலகங்கள் தெரிந்தன. நம் பக்கம் பங்குனி சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி மின்னல் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அது சில விநாடிதான்.

விளக்கம் கிடைக்காதது என்றால் எனக்குத் தெரிந்து நோர்வேயின் ஹெஸ்டாலன் பள்ளத்தாக்கு. 1981 கடைசியிலிருந்து 1984 வரை வாரத்துக்கு 15, 20 தடவை என்று கண்டிருக்கிறார்கள். சில நின்று எரிந்தன, சில விரைவாக நகர்ந்தன. ஆய்வாளர்கள் குளிர்காலத்தில் ராடரோடு போய்த் தங்கினார்கள், 1998இல் தானியங்கிக் கருவி நிலையமும் வைத்தார்கள். சில வெளிச்சம் வாகனம், விமானம் என்று தெரிந்தது, மிச்சத்துக்குப் பாறையின் மின்னூட்டம், எரியும் தூசு என்று பல கருத்து இருக்கிறது, எல்லாரும் ஏற்ற விளக்கம் இல்லை. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து மார்ஃபா வெளிச்சம் 1883இலிருந்து கதைக்கப்பட்டு வந்தது, 2004இல் மாணவர்கள் போய் நெடுஞ்சாலையில் வரும் வாகன வெளிச்சத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தாங்கள் கண்டதை அவிழ்த்தார்கள். இரண்டுக்கும் ஒரே மரியாதையோடுதான் போனார்கள். ஒன்று அவிழ்ந்தது, ஒன்று அவிழவில்லை.


கொக்கட்டிச்சோலைக்காரன்:

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். எண்பதுகள், தொண்ணூறுகளில் இந்தப் பக்கம் இரவில் வானத்தில் தெரிந்த வெளிச்சம் என்றால், போர்க்காலத்தில் வானத்துக்குச் சுட்டுவிடும் பரா லைட்தான். குடை விரித்து மெதுவாக இறங்கும், ஊர் முழுக்கப் பகல் மாதிரி இருக்கும், பிறகு அணையும். எங்கள் அம்மா இன்றைக்கும் வாணவேடிக்கை பார்க்க வெளியே வரமாட்டார். வயதானவர்களிடம் வெளிச்சக் கதை கேட்கும்போது சிலருக்கு அந்தக் காலம்தான் வாயில் வரும். அவசரப்படுத்த வேண்டாம், அவர்களாகச் சொல்லட்டும். தம்பியின் அப்பப்பா சொல்வது அதற்கு முந்தியது என்பதால் அது வேறு.


திருக்கோவில் மகள்:

எங்கள் அம்மம்மா சொன்ன ஒன்றும் இருக்கிறது, யாராவது சொல்ல முடியுமா? விடியப்புறம் கடற்கரைக்குப் போனபோது கிழக்கே கடலுக்கு மேலே ஈர்க்குக் கட்டு மாதிரி ஒரு நீள வெளிச்சம் சாய்ந்து நின்றதாம். தொடர்ந்து பல நாள் விடியற்காலை நின்றதாம். தனுஷ்கோடியை அழித்த புயலுக்கு அடுத்த வருடம் என்று உறுதியாகச் சொல்வார். அது ஏதோ தெய்வக் குற்றம் என்று கோவிலில் பொங்கல் வைத்தார்களாம்.


நிந்தவூரான்:

தங்கச்சி, உங்கள் அம்மம்மா எனக்குத் தேவையான எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர், அது நம் திருகோணமலைப் பக்கத்தையும் அடித்துக்கொண்டுதான் போனது. அடுத்த வருடம் 1965. அந்த வருடம் ஒக்டோபர் 21இல் இகேயா-செகி வால்வெள்ளி சூரியனை உரசிக்கொண்டு போய், அதன்பிறகு நவம்பர் தொடக்கம் வரை விடியற்காலையில் கிழக்கு வானத்தில் நீண்ட வாலோடு நின்றது. நூற்றாண்டின் மிகப் பிரகாசமான வால்வெள்ளிகளில் ஒன்று. திசை, நேரம், வடிவம், பல நாள் நின்றது, வருடம், எல்லாம் பொருந்துகிறது. இதை அவரிடம் சொல்லுங்கள், ஜப்பானில் இரண்டு பேர் கண்டுபிடித்ததை அவர் திருக்கோவில் கடற்கரையில் நின்று கண்டிருக்கிறார்.

உன்னிச்சைத் தம்பிக்கும் இதுதான் வழி. வருடத்தை நேராகக் கேட்டால் வராது. எந்தப் புயல், எந்த வெள்ளம், யார் கலியாணம், முன்மாரியா சிறுபோகமா என்று கேளுங்கள். "எவ்வளவு உயரம்" என்று மீற்றரில் கேட்க வேண்டாம், கையை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் அந்தப் பரண் நின்ற இடத்துக்கே கூட்டிக்கொண்டு போய் விரலால் காட்டச் சொல்லி, கைத்தொலைபேசித் திசைகாட்டியில் பார்த்து எழுதுங்கள். கூட இருந்தவர் யாராவது உயிரோடு இருந்தால் அவரைத் தனியாகக் கேளுங்கள், இருவரையும் ஒன்றாக வைத்துக் கேட்டால் ஒருவர் கதை மற்றவருக்கு ஒட்டிவிடும். நீங்களாக "அது சிவப்பா?" என்று எடுத்துக்கொடுக்க வேண்டாம், "என்ன நிறம்?" என்று கேளுங்கள்.

சனத்தின் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை என்று யாராவது சொன்னால் 1803ஐச் சொல்லுங்கள். அதற்கு முன் வானத்திலிருந்து கல் விழும் என்று சொன்ன கமக்காரர்களைப் படித்தவர்கள் நம்பவில்லை. அந்த வருடம் ஏப்ரல் 26இல் பிரான்சில் லேகிள் என்ற ஊர்ப் பக்கம் கல்மழை விழுந்தது. பியோ என்ற இளம் விஞ்ஞானியை அனுப்பினார்கள். அவர் ஊர் ஊராகப் போய் யார் எங்கே நின்று எந்தத் திசையில் என்ன கேட்டார், என்ன கண்டார் என்று எழுதி, விழுந்த கற்களையும் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரு நிலப்படத்தில் போட்டார். அதோடுதான் எரிகல் என்பது உண்மை என்று ஏற்றார்கள். அந்த ஊர்ச் சனம் நம் வட்டைச் சனம் போன்றவர்கள்தான்.


உன்னிச்சைப் பேரன்:

கேட்டேன். நேற்றுப் பின்னேரம் இருத்தி வைத்து, எடுத்துக்கொடுக்காமல் கேட்டேன். இதுவரை யாரும் இப்படிக் கேட்கவில்லை என்று அவருக்கே சந்தோஷம்.

சிறுபோக வேளாண்மை வெட்டுக்கு முன்னர், கதிர் முற்றிய நேரம். மழை இல்லை, நிலம் காய்ந்து கிடந்தது. நடுச்சாமத்துக்குப் பிறகு. நிறம் என்ன என்றதும் "மண்ணெண்ணெய் விளக்கு நிறம்" என்றார். கையை நீட்டிக் காட்டியது அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு விரல் அளவு. ஒரு சுருட்டுக் குடிக்கும் நேரம் நின்றதாம். சத்தம் ஒன்றும் இல்லை. ஒரு வருடம் வடக்கே நகர்ந்தது, இன்னொரு வருடம் நகராமலே அணைந்தது.


ஆரையம்பதி டீச்சர்:

நீங்கள் கேட்ட விதம் மிக நன்றாக இருக்கிறது. இதில் சிலவற்றைத் தள்ளலாம். நடுச்சாமம் என்பதால் சோடியம் மேகம் இல்லை, சுருட்டு நேரம் என்பதால் எரிகல்லும் பந்து மின்னலும் இல்லை, காய்ந்த நிலம் என்பதால் சதுப்பு வாயுவும் கஷ்டம். மேற்கே மாலையில் நிற்கும் வெள்ளி நடுச்சாமத்துக்கு முன்னரே மறைந்துவிடும்.

எனக்குத் தோன்றுவது சேனை, காட்டை வெட்டி எரித்துப் பயிர் செய்யும் இடம். ஆவணி, புரட்டாதியில்தான் காடு வெட்டிக் காய்ந்ததை எரிப்பார்கள். உயரமான இடத்துச் சேனையில் மிச்சமாகக் கிடக்கும் நெருப்பு, இரவில் குளிர்ந்த காற்றடுக்குக்கு மேலே தூக்கித் தெரிந்தால் அடிவானத்துக்கு இரண்டு விரல் மேலே மண்ணெண்ணெய் நிறத்தில் நிற்கலாம். கடலோடி சொன்ன அதே வளைவுதான். அது அந்த நகராத வருடத்துக்குப் பொருந்துகிறது. வடக்கே நகர்ந்த வருடத்துக்கு எனக்குப் பதில் இல்லை, நெருப்பு அப்படி நகராது. இரண்டையும் ஒன்றாகப் போட்டு எழுதாமல் தனித்தனியாக எழுதி வையுங்கள்.


வாழைச்சேனைக் கடலோடி:

தம்பி, அந்த நகர்ந்த வருடம் யானைக் காவலுக்குப் பந்தம் பிடித்துக்கொண்டு ஆட்கள் வேறு வட்டைக்குப் போன வழி அந்தப் பக்கம் இருந்ததா என்று கேளுங்கள். அப்பப்பாவுக்கு அது தெரிந்திருக்கும்.


உன்னிச்சைப் பேரன்:

கேட்டுவிட்டேன் அண்ணன். பந்தத்தின் ஆட்டம் தனக்குத் தெரியாதா என்று கொஞ்சம் கோபப்பட்டார். அது ஆடவில்லையாம், ஒரே சீராகப் போனதாம். அன்றைக்குக் கூட இருந்தவர் இப்போது கரடியனாற்றில் மகளோடு இருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை அவரைத் தனியாகப் பார்க்கப் போகிறேன், அவர் சொல்வதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.